ஆணி அடிக்காத கோடை

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அண்டாப்ஹில்லில் மூன்றாம் மாடி.
மேற்கு பார்த்த அடுக்களை.
ஏப்ரலில் நாலு மணிக்கு மேல்
உப்பு டப்பாவுக்கும் வியர்க்கும்.

"ஏசிக்குக் காசில்லை" என்றாள் ஜெசிந்தா.
"பார்க்கவாவது குளிர்ச்சியாக இருக்கட்டும்."
அதற்கும் காசில்லைதான்.
ஆனால் வெள்ளிக்கிழமை இருந்தது.

விடியுமுன் ஹார்பர் லைன் பிடித்து
சேண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கினோம்.
சோர் பஜார் தரையில் விரிந்து கிடந்தது.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்க்க வேண்டும்:
ஒற்றைச் செருப்பு,
பல் டாக்டர் நாற்காலியின் ஒரு கை,
நாக்கில்லாத கப்பல் மணி.

பச்சை விளிம்பு எனாமல் தட்டு மூன்று எடுத்தோம்,
நாலாவது ஓட்டை, கொசுறாகத் தந்தான்.
இழுத்து மூடிய ஏதோ இரானி ஓட்டலின் பிஸ்கட் ஜாடி,
கடல்பச்சை;
மூடி அதனுடையது அல்ல, ஆனால் பொருந்தியது.
பூப்போட்ட தரை ஓடுகள் ஆறு,
ஆறும் ஆறு வீட்டிலிருந்து பெயர்ந்தவை.
கூண்டில்லாத ஒரு மேஜை விசிறி.
"ஓடுமா?"
"ஓடாததை எதற்குத் திருடப் போகிறார்கள்?"
என்று சிரித்தார் முஸ்தன்சிர் பாய்.

அவர் கடையில்தான் அந்தப் பித்தளைச் சொம்பு.
வயிற்றைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாய்
தமிழ்:
வெ. கமலவேணி 9-6-68.

"உன் பாஷையா? என்ன எழுதியிருக்கிறது?"
பெயர் என்றால் விலை ஏறும்.
கல்யாணச் சீர் என்றால் இன்னும் ஏறும்.
"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"
என்று படித்துக் காட்டினேன்.
நூற்றிருபதுக்கு முடிந்தது.

ஜெசிந்தா ரயிலில் ஆரம்பித்தாள்:
யாராக இருக்கும், எப்படி இங்கே வந்திருக்கும், பாவம்...
வேண்டாம் என்றேன்.
எனக்குத் தெரியாத ஒருத்திக்கு
நான் ஏன் துக்கம் தைத்துப் போட வேண்டும்?
எடைக்குப் போட்டு
அந்தக் காசில் மிக்ஸி வாங்கியிருப்பாள்,
நிம்மதியாக.

சனிக்கிழமை முழுக்க வேலை.
எதையும் மாட்டவில்லை; சாய்த்தோம், கட்டினோம், தொங்கவிட்டோம்.
ஹாபுஸ் மாம்பழப் பெட்டி இரண்டைக் கவிழ்த்தால் அலமாரி.
நீலக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பு
துணிக்கிளிப்பில் திரைச்சீலையானது.
மூன்று முறை துவைத்தும் போகாத குழம்புக் கறையை
மடிப்புக்குள் விட்டோம்.
விசிறிக்கு வெங்காயக் கூடையைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டினாள்;
அவள் ஏர்போர்ட் கார்கோவில் வேலை பார்ப்பவள்,
எதையும் கட்டுவாள்.
ஓட்டைத் தட்டில் கற்பூரவல்லி.
ஜாடியில் எலுமிச்சை பதினொன்று.

அறை குளிர்ந்ததா?
இல்லை.
அதே முப்பத்தாறு.
ஆனால் நாலு மணிக்கு வெயில் ஜாடிக்குள் புகுந்து
சுவரில் பச்சையாய் அசைந்தபோது
இருவரும் சமையலை விட்டுவிட்டு
பார்த்துக்கொண்டு நின்றோம்.
பருப்பு அடிப்பிடித்தது.

ஞாயிறன்று சொல்லாமல் வந்தார் வீட்டுக்காரர் கோர்ப்படே.
யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு ஓட்டையும் நகர்த்திப் பார்த்தார்,
சுவரை உள்ளங்கையால் தடவினார்,
திரைச்சீலையை முகர்ந்தே பார்த்தார்.
ஒரு துளை இல்லை.
ஏமாற்றத்தோடு விசிறி முன் உட்கார்ந்தவர்
சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்,
சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினார்,
முக்கால் மணி நேரம் எழவில்லை.
போகும்போது கேட்டது ஒன்றுதான்:
"இந்தக் கூடை எங்கே கிடைக்கும்?"

வாடகை பற்றிப் பேச்சில்லை.
மறந்தாரா, ஜூனுக்கு வைத்திருக்கிறாரா, தெரியாது.

இரவு விளக்கணைக்கும் முன்
காலிச் சொம்பைக் குழாயடியில் வைத்தேன்.
கமலவேணி,
இந்தக் கட்டிடத்தில் தண்ணீர்
காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரைதான்.
பழகிக்கொள்.